வெயிலில் வைத்த கப்பி

எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் ஒரு நீலத் தொட்டி கிடக்கிறது. பெரிய பிளாஸ்டிக் பெரல் ஒன்றைப் பாதியாக அறுத்துச் செய்தது. விளிம்பு கையைக் கிழிக்காதபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவள் நான்தான். இப்போது அதற்குள் என் மகளின் விளையாட்டுச் சாமான்கள் கிடக்கின்றன; சில வேளை அவளே ஏறி உட்கார்ந்திருப்பாள். உட்சுவரில், அடியிலிருந்து ஒரு சாணும் நான்கு விரலும் உயரத்தில், சுற்றிவர ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒன்றரை வருடத்துக்கு மேல் அதே மட்டத்தில் நின்று விட்டுப்போன சுண்ணாம்பு அது. புளி போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. போக வேண்டும் என்று உண்மையில் விரும்பித்தான் தேய்த்தேனா என்ற சந்தேகம் பிறகு வந்தது. எதையும் செய்து முடித்த பிறகு சந்தேகப்படுவது என் பழக்கம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவள் நான்.

அந்தத் தொட்டித் தண்ணீருக்குள் ஒரு கப்பி இருந்தது. பாய்க்கப்பலில் கயிறு இழுக்கும் மரக்கப்பி. முற்றிய தேங்காய் ஒன்றைவிடக் கொஞ்சம் பெரியது. கோமாரிக்கு நேரே கடலுக்கடியில் ஒரு பழைய கப்பல் உடைந்து கிடக்கிறது. அங்கிருந்து நாங்கள் எடுத்தது. நாங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. காரைதீவில் வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், என்னைவிட ஐந்து வயது மூப்பு. பல்கலைக்கழகத்தில் அவர் தகுதிகாண் விரிவுரையாளர். நான் அதே துறையில் ஆய்வு உதவியாளர். கடலுக்கடியில் கிடக்கும் பழங்காலப் பொருட்களைத் தேடி, அளந்து, வரைந்து, எழுதுவது எங்கள் வேலை. வேலை என்று சொன்னால் ஊரில் எவரும் நம்பவில்லை. "பழைய பலகை பொறுக்கிறதுக்கா இந்தப் புள்ளைய கெம்பஸுக்கு அனுப்பின?" என்று என் பெரியப்பா வாப்பாவிடம் கேட்டது முன்னறையிலிருந்து எனக்குக் கேட்டது.

உம்மாவுக்கும் நான் கடலில் இறங்குவது பிடிக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்துபோன நாளை எங்கள் கரையில் எந்த உம்மாதான் மறந்தார்? ஆனால் சுழியோடும் உடையைக் கொண்டுவந்து காட்டியபோது, தலையிலிருந்து கால்வரை இருந்த அந்தக் கறுப்பு ரப்பரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "இது அபாயாவ விட மூடுதே" என்று சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு தடுக்கவில்லை. நான் போகும் நாட்களில் திரும்பி வரும்வரை தஸ்பீஹ் மணியோடு இருப்பார் என்று வாப்பா சொல்லித்தான் தெரியும்.

சுழியோடும்போது ஒருவர் தனியே இறங்குவதில்லை. எப்போதும் இருவர். ஒருவரின் காற்றுக் குழாயை மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இருவருக்குள் ஒரு விதி உண்டு. எவர் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், சுழியோட்டத்தை முடிக்கலாம். கட்டைவிரலை மேலே உயர்த்திக் காட்டினால் போதும். மற்றவர் உடனே கூட ஏற வேண்டும். மேலே வந்த பிறகும் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்பார்கள் என்ற பயம் இருந்தால் அடுத்த தடவை காட்டத் தயங்குவோம். தண்ணீருக்கடியில் அந்தத் தயக்கம் ஆளைக் கொன்றுவிடும். எங்கள் படிவத்தில் ஆழம், நேரம், காற்று, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. முடித்ததற்கான காரணத்தை எழுத மட்டும் கட்டம் இல்லை. இன்னொரு சைகை, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாகக் காட்டுவது. 'சரியா?' என்று கேட்பதற்கும் அதுதான், 'சரி' என்று சொல்வதற்கும் அதுதான். அந்தப் பதிலில் பொய் கூடாது. அங்கே பேச வாய் இல்லை, கை மட்டும்தான்.

எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் எங்கள் ஊர்த் தண்டயல் ஒருவர். தோணியை நடத்துபவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; கூப்பிடுவது காக்கா, அதாவது அண்ணன் என்று. மீன் சீசனுக்குக் கோமாரிக் கரையில் வாடி போட்டுத் தங்கியிருந்தார். கப்பல் கிடக்கும் இடத்தை எங்களுக்குக் காட்டியதும் அவர்தான், அவருடைய வலை அங்கேதான் மாட்டிக் கிழியும். "என்ட வலையக் கிழிச்ச கப்பலப் புடிக்க கவர்மென்டு ரெண்டு பொம்புளப் புள்ளைகள அனுப்பியிரிக்கி" என்று கரையில் சொல்லிச் சிரிப்பார். பெண்கள் ஏறினால் மீன் கலைந்துவிடும் என்று யாரோ அவரிடம் முறைப்பட்டபோது, "மீன் இரிந்தாத்தானே கலையிறதுக்கு" என்றாராம்.

கப்பியை எடுத்தது அந்தச் சீசனின் நடுவில். அதற்கு ஜோடியாக இன்னொன்று பலகைகளுக்கு இடையில் மணலுக்குள் பாதி புதைந்து தெரிந்தது. அதை எடுப்பதற்கென்று சீசனின் கடைசிக் கிழமையில் ஒரு நாள் இறங்கினோம். எனக்கு அப்போது பன்னிரண்டு நாட்கள் தள்ளிப் போயிருந்தது. கல்யாணமாகி மூன்றாவது வருடம். கர்ப்பிணி சுழியோடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தை நானே மாணவிகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆனாலும் நிச்சயமில்லையே, இன்று ஒரு நாள்தானே, நான் வராவிட்டால் அக்காவும் இறங்க முடியாதே என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சமாதானம் அடுக்கிக்கொண்டு, கட்டிய மச்சானிடம்கூடச் சொல்லாமல் போனேன். ஒன்பதாவது நிமிடத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு பயம் ஏறியது. குமட்டலா பயமா என்று இன்றைக்கும் தெரியாது. அக்கா கையை விசிறி மணலை விலக்கிக்கொண்டிருந்தார். கப்பியின் ஒரு பக்கம் முழுதாகத் தெரியத் தொடங்கிய நேரம். நான் கட்டைவிரலைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், கப்பியைப் பார்த்தார், பிறகு தன் கட்டைவிரலை உயர்த்தினார்.

தோணியில் நான் சத்தி எடுத்தேன். "என்ன புள்ள, இண்டைக்கிக் கடல் ஒத்துக்கொள்ளல்லியா?" என்று தண்டயல் கேட்டார். "கேக்காதீங்க காக்கா" என்றார் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே. "அது எங்கட சட்டம்." அடுத்த நாள் காற்றுத் திரும்பிவிட்டது. அந்த மாரியில் கடல் மணலைப் புரட்டியது. இரண்டாவது கப்பியை அதன் பிறகு எவரும் காணவில்லை.

அதனால் தொட்டியில் இருந்த ஒற்றைக் கப்பியின் மேல்தான் அக்காவின் கலாநிதிப் பட்ட ஆய்வு முழுவதும் நின்றது. கப்பல் தூர தேசத்தில் கட்டப்பட்டது என்பது அதன் பலகைகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கப்பியின் மரம் வேறு. முதிரையோ பாலையோ, நிச்சயம் எங்கள் காட்டு மரம் என்று அக்கா நினைத்தார். அப்படியென்றால் அந்தக் கப்பல் உடைவதற்கு முன் இந்தக் கரையில் எங்கோ ஒதுங்கியிருக்கிறது, இங்கே ஒரு தச்சன் அதற்குப் புதுக் கப்பி செய்து பூட்டியிருக்கிறான். "கப்பல் போற வழியில இரிந்த சனம் எண்டுதான் தங்கச்சி நம்மள எழுதுறாங்க. கப்பல் திருத்தின சனம் எண்டு ஒரு வரி எழுதோணும்" என்பார். அந்த ஒரு வரிக்கு ஆதாரம் வேண்டும். நகக்கண் அளவு மரத்தை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். வெட்டுவதற்கான அனுமதி இன்னும் வரவில்லை. கப்பியின் ஒரு பக்கத்தை மட்டும்தான் வரைந்திருந்தோம். மறுபக்கத்தில் சிப்பியும் சுண்ணாம்புமாகப் படிந்திருந்த ஓட்டினை, மரத்திலிருந்து உப்பு முழுதாக இறங்கும்வரை தொட முடியாது. குறித்த வருடங்களுக்குள் பட்டத்தை முடிக்காவிட்டால் தகுதிகாண் விரிவுரையாளர் வேலையை இழப்பார். அக்காவுக்கு இரண்டு வருடத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தது.

நூற்றாண்டுகள் கடலில் கிடந்த மரம், பார்வைக்குத்தான் மரம். உள்ளே இருந்ததையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்றுவிட்டிருக்கும். அந்த இடங்களைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வடிவத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் போனால் வடிவமும் போய்விடும். அதனால் முதலில் கடல் நீரில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்ல நீரில் வைத்து உப்பை இறக்கி, கடைசியில் ஆய்வுகூடத்தில் மெழுகு போன்ற ஒரு மருந்தைத் தண்ணீருக்குப் பதிலாக உள்ளே ஏற்ற வேண்டும். ஆய்வுகூடம் நாட்டின் அடுத்த கரையில் இருந்தது. எடுத்துப் போக வேண்டிய காலத்தில் பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்றது. வாகனம் கிடைத்தபோது மருந்து கப்பலில் வரவில்லை. ஆகவே தொல்பொருள் திணைக்களம் ஒரு கடிதம் தந்தது. எங்கள் வீட்டின் முன்னறை அதில் 'தற்காலிகக் களஞ்சியம்' ஆனது. வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு அது; உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள். கிழமைக்கு ஒரு தரம் நான் தண்ணீர் மாற்றினேன், உப்பை அளந்து கொப்பியில் எழுதினேன். சனிக்கிழமைகளில் அக்கா காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவார்.

இதற்குள் என் மகள் பிறந்திருந்தாள். உம்மாவுக்கு அது ஒரு பகிடியாகிவிட்டது. அக்கா படலையைத் திறக்கும்போதே, "வாங்க மகள், இஞ்ச ரெண்டு புள்ளைக்கும் குளிப்பாட்டுற நேரம்" என்பார். அக்கா கல்யாணம் செய்யவில்லை. அந்தப் பகிடி அவரை நோகுமோ என்று நான்தான் கூசிப்போவேன். அவர் நொந்ததாகத் தெரியவில்லை. "என்ட புள்ள அழாது உம்மா. அதுதான் வித்தியாசம்" என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்துவார். மரத்தில் விரல் படாமல், படுவதுபோல், தண்ணீருக்குள் அவருடைய கை கப்பியைச் சுற்றி வருவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மகள் பத்து மாதத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு எழும்பத் தொடங்கினாள். தொட்டியைப் பலகை போட்டு மூடி அதன்மேல் இரண்டு கல் வைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தக் கற்களைத் தொட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்த நாட்களில்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், ஒரு வயதுப் பிள்ளை குளியலறை வாளிக்குள் தலைகீழாக விழுந்து மவுத்தாகியது. வாளியில் அரைவாசித் தண்ணீர்தான் இருந்ததாம். மையித்து வீட்டுக்குப் போய், அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் நுழையும்போது என் மகள் தொட்டியின் விளிம்பைப் பிடித்து நின்று பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கல் இடம் மாறியிருந்தது. அவள் தள்ளினாளா, காலையில் நானே சரியாக வைக்காமல் விட்டேனா தெரியாது. முகத்திரையைக்கூடக் கழற்றவில்லை. கோப்பை கோப்பையாக மொண்டு முற்றத்தில் ஊற்றினேன். மிச்சத்தை இழுத்துக்கொண்டுபோய்க் கவிழ்த்தேன்.

கப்பியை ஈரச்சாக்கில் சுற்றி, பொலித்தீனில் கட்டி, அலுமாரியின் மேல் வைத்தேன். இரண்டு மூன்று நாட்களுக்கு அது பிழையான முறையும் அல்ல; தினமும் நனைத்தால் போதும். அன்றைக்கே அக்காவுக்குச் சொல்லியிருந்தால் சைக்கிளில் வந்து தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். ஏன் சொல்லவில்லை? பிள்ளை பிறந்ததும் இவள் வேலைக்கு ஆகமாட்டாள் என்று துறையில் சிலர் சொல்லியிருந்தார்கள். அக்கா அப்படி நினைக்கமாட்டார் என்று தெரிந்தும், நினைத்துவிடுவார் என்று பயந்தேன். அந்தச் சனிக்கிழமை அவர் பரீட்சைத் தாள் திருத்தும் வேலையில் இருந்ததால் தொலைபேசியில்தான் கேட்டார்.

"என்ன தங்கச்சி, கப்பி சுகமா?"

"ஓம் அக்கா, சுகம்" என்றேன்.

தொட்டியைக் கவிழ்த்ததிலிருந்து ஒன்பது நாட்கள் மறக்காமல் நனைத்தேன். பத்தாவது நாள் மகளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தேன். இரத்தப் பரிசோதனைத் துண்டு ஒவ்வொன்றும் வரும்போது, நான் எண்ணியது அந்த ஒன்பது நிமிடங்களைத்தான். கடலுக்கடியில் இவளை வைத்துக்கொண்டு நான் இருந்த ஒன்பது நிமிடங்கள். காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று படித்த மூளைக்குத் தெரியும். கப்பியைப் பற்றி எனக்கு ஒரு தரமும் நினைவு வரவில்லை. அது உண்மை, அதைக் குறைத்து எழுத விரும்பவில்லை.

எங்கள் கரையில் எதையும் காப்பாற்றுவது என்றால் காயவைப்பது. நெல்லைக் காயவைப்போம். கொப்பறாவைக் காயவைப்போம். மீன் மிஞ்சினால் கருவாடு. வலையைக் காயவைக்காதவன் வலையை இழப்பான். வெள்ளம் வந்து போனால் பாயை, கொப்பியை, காணி உறுதியைக்கூட வெயிலில் பரப்புவோம். ஈரம் என்றால் பழுது. வெயில் என்றால் உயிர். பேரப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன் வீட்டைத் துப்புரவாக்க வந்த உம்மா, அலுமாரியின் மேல் மணத்துக்கொண்டிருந்த ஈரச்சாக்கைக் கண்டார். அவிழ்த்தார். உள்ளே கப்பி, அக்காவின் பிள்ளை. தொட்டியில் குளிப்பாட்டும் வேலை முடிந்து இனிக் காயவைக்க வேண்டியதை, என் மகளின் காய்ச்சலில் நான் கவனிக்காமல் விட்டு அழுகப் போகிறது என்று நினைத்தார். முற்றத்துக் கல்லின் மேல் வெள்ளைத்துணி விரித்து அதை வைத்தார். மாரி முடிந்து நல்ல வெயில். பகலில் புரட்டிப் புரட்டி வைத்து, பனி விழும் முன் உள்ளே எடுத்து, ஐந்து நாட்கள் காயவைத்தார்.

மகளைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் வந்தபோது அதை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். "உங்கட கப்பியக் காய வெச்சி எடுத்திரிக்கன் மகள். கொஞ்சம் வெடிச்சித்தான் போச்சி. முந்தியே பழுதாப் போயிரிக்கி போல." கப்பி மூன்று துண்டாகப் பிளந்திருந்தது. மேற்பரப்பு வற்றிய குளத்தின் அடிபோலக் கட்டம் கட்டமாக வெடித்துச் சுருண்டிருந்தது. சிப்பி ஓடு தானாகக் கழன்று, நாங்கள் ஒருநாளும் பார்த்திராத அந்த மறுபக்கத்தின் மரத்தையும் உரித்துக்கொண்டு வந்திருந்தது. கையில் எடுத்தேன். தக்கைபோல இருந்தது. என் முகத்தைப் பார்த்துத்தான் உம்மாவுக்கு விளங்கியது.

அக்காவுக்கு நான் தொலைபேசியில் சொன்ன வாக்கியம் இது: "உம்மா தெரியாம வெயில்ல வெச்சிட்டா." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் அந்த வாக்கியத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அரைமணி நேரத்தில் அக்கா வந்துவிட்டார். உம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் மகள். பழுதாப் போகும் எண்டு பயந்துதான் காய வெச்சன். ஒண்டும் தெரியாத மனிசி நான்." அக்கா உம்மாவின் கண்ணைத் தன் சாரித் தலைப்பால் துடைத்தார். "நீங்க செஞ்சது சரி உம்மா. எங்கட அம்மா எண்டாலும் இதத்தான் செய்திருப்பா. ஆரு உங்களுக்குச் சொல்லித் தந்த, இத காய விடக் கூடாது எண்டு?" நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவு நிலையில் நின்றேன். பேச வேண்டிய இடம் அதுதான். தொட்டியை நான் காலி செய்யாவிட்டால் கப்பி அலுமாரிக்கு ஏறியிருக்காது, உம்மாவின் கண்ணில் பட்டிருக்காது. நான் பேசவில்லை.

பிறகு அக்கா முற்றத்தில் சரிந்து கிடந்த தொட்டியிடம் போனார். நிமிர்த்தினார். உட்சுவரில் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் சுட்டுவிரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று இழுத்தார். அடியோரத்தில் சிலந்தி வலை பின்னி, அதிலும் தூசு படிந்திருந்தது. பொருட்களைப் பார்த்து நாட்களை எண்ணுவதுதான் அவருடைய தொழில். ஐந்து நாளில் படிகிற தூசு எது, பதினெட்டு நாளில் படிகிறது எது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்து வளையமாக்கிக் காட்டினார். சரியா?

நான் மகளைத் தாங்காத கையை உயர்த்தி, அதே வளையத்தைக் காட்டினேன். சரி.

அந்த ஆய்வு முடியவில்லை. ஒரு பக்கத்து வரைபடத்தை வைத்துக்கொண்டு மரம் எது என்று சொல்ல முடியாது. துண்டுகளை வெட்டிப் பார்த்ததில் உள்ளமைப்பு நசுங்கிப் போயிருந்தது. அக்கா வேறு தலைப்புக்கு மாற முயன்றார். கால நீடிப்புக் கேட்டார். கிடைக்கவில்லை. ஒரு மாசி மாதம் மூன்று அட்டைப் பெட்டிகளில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அந்த வெற்றிடத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். விண்ணப்பிக்க வேண்டாம் என்று நினைத்தேன். விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தது. அவருடைய மேசை, அவருடைய கோப்புகள். ஒரு கோப்பில் அந்தச் சேத அறிக்கை இருந்தது. சுழியோட்டப் படிவத்தில் இல்லாத கட்டம் இந்தப் படிவத்தில் உண்டு: காரணம். அதில் அக்காவின் சாய்ந்த எழுத்தில், 'தற்காலிகக் களஞ்சியத்தை மேற்பார்வை செய்வதில் எனது கவனக்குறைவு' என்று இருந்தது. உம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைப் பற்றியும் இல்லை.

இப்போது பஞ்சு வைத்த பெட்டியில் கிடக்கும் அந்த மூன்று துண்டுகளை, நீரில் ஊறிய மரம் காய்ந்தால் என்னாகும் என்று காட்ட நான்தான் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். போன தவணை ஒரு மாணவி கேட்டாள், "இத ஆரு மிஸ் காய வெச்ச?" பராமரிப்புக் குறைபாடு என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். வேலைக்குப் போகும் பஸ் தினமும் காரைதீவுச் சந்தியில் நிற்கும். அந்தச் சந்தியைப் பார்க்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் நான் உட்காருவதில்லை.

உம்மா மறக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேச்சு எப்படியோ அங்கே வந்துவிடும். "அந்தப் புள்ளைட படிப்ப நான்தான் வெயில்ல வெச்சிக் காய வெச்சன்" என்பார். ஒவ்வொரு தரமும் நான் குசினிக்குள் போய்விடுவேன். போன மாதம் ஒரு முற்பகலில் உம்மா விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தனியே இருந்தோம். தொட்டியைக் காலி செய்ததையும் மறைத்ததையும் சொன்னேன். ஏன் அன்று வந்தது என்று தெரியாது. மகளுக்கு நான்கு வயது முடிந்த கிழமை அது.

உம்மா சுளகை நிறுத்தவில்லை. இரண்டு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு கேட்டார், "அந்தப் புள்ளைக்குச் சொன்னியா?"

"இல்ல உம்மா."

"அப்ப என்னத்துக்கு என்னட்டச் சொல்ற?"

அந்தச் சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு முச்சக்கரவண்டியில் காரைதீவுக்குப் போனேன். அக்கா வீட்டு முற்றத்தில் படங்கு விரித்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் காலால் அளைந்து கிளறிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். விரல்களில் சோக் தூள் இருந்தது. "வாங்க தங்கச்சி" என்றார், நேற்றுத்தான் பிரிந்தவர்போல. மகளைக் குனிந்து பார்த்து, "ஓ, இதுதான் என்ட கப்பிட தங்கச்சியா?" என்றார். உம்மாவின் பகிடி அவருக்கு நினைவிருந்தது. நான் அங்கேயே உடைந்துவிட்டேன்.

"அக்கா, அந்தத் தொட்டிய நான்தான்..."

அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. அன்று மணலுக்குள் பாதி தெரிந்த கப்பியை விட்டு என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை. விதி எனக்குத் தெரியும். எவர் வேண்டுமானாலும் முடிக்கலாம். மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. நான் வாயை மூடினேன். அது மன்னிப்பா, இனிமேல் வராதே என்பதா, இதற்கு மேல் தன்னால் தாங்க முடியாது என்பதா என்று திரும்பி வரும்போது யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். விதிப்படி இருவரும் சேர்ந்தே ஏற வேண்டும். அன்று ஏறியது அவர் மட்டும்.

"மழ இருட்டுது" என்றார் பிறகு. "நெல்ல அள்ளோணும், ஒரு கை புடிங்க." படங்கின் இரண்டு முனையை நானும் இரண்டு முனையை அவரும் பிடித்தோம். மகள் நடுவில் ஓடி ஒரு பிடி நெல்லை அள்ளிக்கொண்டாள். முதல் துளி விழுமுன் அள்ளி முடித்துவிட்டோம். ஒரு மணியும் நனையவில்லை. தேநீர் குடித்தோம். கடலைப் பற்றி எவரும் கதைக்கவில்லை.

அவர் கேட்காத காரணத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கையின் கட்டத்தில் இதை எழுதியிருக்க வேண்டியவள் நான். திருத்தம் கோரித் துறைக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். நாளை கொடுத்தால் அக்காவின் வருடங்கள் திரும்பி வரப்போவதில்லை, என் வருடங்கள் போகலாம். கொடுப்பதா என்ற கேள்வி இப்போது இல்லை. ஏன் இத்தனை நாள் என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் பின்விறாந்தையிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். சாமான்களையெல்லாம் வெளியே எறிந்துவிட்டுத் தொட்டிக்குள் எழும்பி நின்றாள். கையை இடுப்பில் வைத்து, தான் எவ்வளவு உயரம் பார் என்றாள். அன்று அவள் விளிம்பைப் பிடித்து நின்றபோது, தொட்டிக்குள் தண்ணீர் அவளுடைய இடுப்பளவுக்கு நின்றது. தண்ணீரைக் கவிழ்த்த பிறகு ஆறு கிழமையில் ஆய்வுகூடத்திலிருந்து வாகனம் வந்தது. ஏற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அந்த வெள்ளைக் கோடு இப்போது அவளுடைய முழங்காலுக்கு வருகிறது.